ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊராருக்கு ஒரு நன்றி மடல்

மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தேசிய வரலாற்றுப் பூங்காவில் எங்களுக்கு வழிகாட்டிய ரேஞ்சர்களுக்கும், தன்னார்வலர்களுக்கும், பேருந்து ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

முதலில் மலையேறிவிட்டுப் பிறகு ஊரைப் பாருங்கள் என்றீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. பொடோமாக், ஷெனன்டோவா ஆறுகள் கலக்கும் முனையில், சுற்றிலும் மேடுகள் சூழப் பள்ளத்தில் இருக்கிறது ஊர். மேட்டில் பீரங்கி ஏற்றியவருக்கே ஊர் சொந்தம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 13 அன்று வட மாநிலங்களின் ஒன்றியப் படை ஆற்றுக்கு அப்பாலுள்ள மேரிலாந்து குன்றைக் கைவிட்டது. தென் மாநிலப் படைத் தளபதி ஜாக்சனின் பீரங்கிகள் சூழ்ந்துகொள்ள, 15ஆம் தேதி சுமார் 12,500 ஒன்றிய வீரர்கள் சரணடைந்தார்கள். அந்தப் போரில் ஊர் எட்டு முறை கைமாறியது ஏன் என்பது குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் தானே விளங்குகிறது.

அங்கே போய்வர ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல், செங்குத்தான ஏற்றம். வழியில் தண்ணீர் கிடைக்காது, கீழேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். கைபேசி காட்டும் வழியில் நேரே ஆற்றோரப் பழைய பகுதியான கீழூருக்கு இறங்குபவர்கள் கார் நிறுத்த இடமின்றித் திண்டாடுகிறார்கள். நெடுஞ்சாலை 340ஐ ஒட்டிய பார்வையாளர் மையத்தில் காரை விட்டுவிட்டுப் பூங்காப் பேருந்தில் இறங்குவதே சரி. நுழைவுக் கட்டணத்திலேயே அது அடக்கம். கீழூரிலிருந்து ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் ஆற்றைக் கடந்தால் குன்றின் பாதை. வாஷிங்டனிலிருந்து மார்க் எனும் புறநகர் ரயிலில் ஒரே நாளில் வந்து திரும்ப முடியாது: அது வார நாள்களில், காலையில் வாஷிங்டனுக்கும் மாலையில் இங்குமாக ஓடுகிறது.

அடிமைமுறையை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுன் 1859 அக்டோபரில் பதுங்கிப் போராடிய தீயணைப்பு எந்திரக் கொட்டகையைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லோரும் கேட்க வேண்டும். அந்தக் கட்டடமே பிரிக்கப்பட்டு 1893 உலகக் கண்காட்சிக்காகச் சிகாகோவுக்குப் போய், திரும்பிவந்து, இரண்டு இடங்களில் இருந்துவிட்டு, 1968இல்தான் கீழூரை அடைந்தது. பழைய இடம் ரயில்பாதை மண்மேட்டுக்கு அடியில். மேலே நிற்கும் கல்தூணைக் காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது.

கேம்ப் ஹில் மேட்டில், கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட ஸ்டோரர் கல்லூரியின் கட்டடங்களுக்கும் நேரம் ஒதுக்கச் சொன்னீர்கள். 1906இல் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் முதலானோர், கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான நயாகரா இயக்கத்தின் மாநாட்டுக்கு அங்கே கூடினார்கள். அப்போது மர்ஃபி பண்ணையில் நின்ற ஜான் பிரவுன் கொட்டகைக்கு விடியற்காலையில் வெறுங்காலோடு நடந்தார்கள். பலர் போர்க்களத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு.

முந்நூறு பேர்கூட வசிக்காத ஊர் இது. வாசலருகே ஓயாமல் நடக்கும் எங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஊராருக்கும், கடைசிப் பேருந்து எப்போது என்று ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொல்லும் ஓட்டுநர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
வாஷிங்டன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் சில