மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

என் கணவரின் கடைசி கல்ச்சரும் நெகட்டிவ், சளியை வளர்த்துப் பார்த்ததில் டி.பி. கிருமி இல்லை. நேற்று சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வந்ததிலிருந்து அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற நிறையப் பேருக்குத் தெரியும், அதனால் அந்தக் கதைக்குள் போகவில்லை; இவருக்கு வந்தது எம்.டி.ஆர். டி.பி., அதாவது வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்.

முதல் நன்றி எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு. ஆரம்பத்தில் என் கணவருக்கு வாந்தி நிற்கவே இல்லை. ஒருநாள் ராத்திரி கடை மூடுகிற நேரத்துக்கு ஓடிப்போய் வாந்தி மாத்திரை கேட்டேன். ஆன்டான்செட்ரான் அட்டையை எடுத்து கத்தரிக்கோலை வைக்கப் போனவர், "வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்ம்மா?" என்றார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, செல்போனில் இருந்த மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டினேன். பெடாக்விலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின். இது டி.பி. என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முகம் மாறவில்லை, ஒரு அடி பின்னால் நகரவில்லை. அட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், இதில் இரண்டு மருந்து ஏற்கெனவே இதயத்துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியது, அதற்காகத்தான் அடிக்கடி ஈசிஜி எடுக்கிறார்கள், இந்த வாந்தி மாத்திரையும் அதே வேலையைச் செய்யும், டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: ஜெலுசில் மாதிரி ஏதாவது குடித்தால் மாக்ஸிஃப்ளாக்சசின் உடம்பில் சரியாகச் சேராது, நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடணும். அன்றைக்கு அவருக்கு என்னிடமிருந்து ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் வாயிலிருந்து இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் சேதி போகவில்லை. வீடு காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது என் கணவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

தினமும் மாத்திரை போட்டாச்சா என்று போன் பண்ணிய டி.பி. ஊழியருக்கு, ஈசிஜி அறை அக்காவுக்கு, முட்டையும் சுண்டலும் கொடுத்தனுப்பிய நாத்தனாருக்கு, இவர் ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்த நண்பர்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

நாங்கள் பார்த்தே இராத இரண்டு பேரும் உண்டு. மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. முன்பெல்லாம் எம்.டி.ஆர். என்றால் ஒன்றரை, இரண்டு வருஷம் மருந்து, அதில் மாதக்கணக்கில் ஊசி வேறு. டி.பி. மருந்தால் காது கேட்காமல் போனவர்கள் இந்த இருவரும். ஊசிக்குப் பதிலாக வந்த பெடாக்விலின் மாத்திரையை வேறு யாரும் தயாரிக்க முடியாதபடி கம்பெனி கேட்ட காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்து மனுப் போட்டார்கள், 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த நீட்டிப்பை நிராகரித்தது. என் கணவருக்கு ஆறு மாத மருந்துதான், ஒரு ஊசிகூட இல்லை, காது நன்றாகக் கேட்கிறது. நான் முணுமுணுப்பதுகூட!

இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சளி கொடுக்கப் போகணும். அன்றைக்கு எம்.டி.ஆர். என்று கேட்டுப் பயந்துபோய் யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய்ப் பேசுவேன் என்று இவர் சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.