மைனஸ் 30-க்கு என்ன ஆயில்?

கிருஷ்ணகிரி,
மார்கழி

மச்சான்,

கடிதம் கிடைச்சுது. பழைய கார் வாங்கிட்டேன்னு படிச்சதும் சந்தோஷம். இங்க எல்லாரும் சுகம். மாமரம் பூவெடுக்குது, பனியில கருகாம நின்னா இந்த வருஷம் காய்ப்புக்குக் குறைவிருக்காது. தளிப் பக்கம் விடியக்காலையில 13 டிகிரிக்கே குல்லா போட்டுக்கிட்டு நெருப்புக் காயறாங்க. கனடாவுல, உன் வின்னிபெக்ல மைனஸ் 30-ன்னு நீ எழுதினதை வீட்ல யாரும் நம்பலை.

"ஊர்ல ஊத்தற மாதிரி கெட்டியா 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் ஊத்தட்டுமா?"ன்னு கேட்டிருக்கே. வேண்டவே வேண்டாம்டா.

கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குப் பலம்னு நம்ம பட்டறைகள்ல ஒரு பேச்சு உண்டு. தொப்பூர் கணவாய்ல லோடு ஏத்திக்கிட்டு சின்ன கியர்ல முக்கி முக்கி ஏறுற லாரிக்கு அதுல நியாயமும் இருக்கு. இன்ஜின் சூடேறினப்புறம் ஆயில் நீர்த்துப்போகக் கூடாது. அதுக்குத்தான் 20டபிள்யூ-50-ல சின்னக் கோட்டுக்கு அப்புறம் வர்ற 50-ங்கற எண். முன்னால டபிள்யூவோட இருக்கிறது குளிருக்கு. 20டபிள்யூ ஆயிலை வெச்சு இன்ஜின் சுத்துமான்னு சோதிக்கிறதே மைனஸ் 15-லதான். 5டபிள்யூன்னா மைனஸ் 30, 0டபிள்யூன்னா மைனஸ் 35.

மார்கழியில தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயில்ல வெச்சு எடுப்போமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். மினரல் ஆயில்ல கொஞ்சம் மெழுகு கலந்திருக்கும். கடுங்குளிர்ல அது உறைஞ்சு ஆயிலே கூழாயிடும். செல்ஃப் மோட்டார் திணறும், பேட்டரியும் அந்நேரம் பார்த்து சோர்ந்துபோயிருக்கும். தப்பித் தவறி ஸ்டார்ட் ஆனாலும் பம்ப்பால ஆயிலை உறிஞ்சி மேல வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட் வரைக்கும் அனுப்ப முடியாது. இரும்பும் இரும்பும் வறட்டுனு உரசும். சிந்தெடிக்ல, அதாவது செயற்கையாத் தயாரிக்கற ஆயில்ல, மெழுகுத் தொல்லை ரொம்பக் கம்மி, காசு கூடினாலும் அதையே வாங்கு.

லேசான ஆயில் சூட்டுல தண்ணியாயிடுமேன்னு பயப்படாதே. 0டபிள்யூ-30, 10டபிள்யூ-30 ரெண்டுக்குமே 100 டிகிரியில பிசுக்கு, அதாவது கெட்டித்தன்மை, 9.3-லேருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளதான் இருக்கணும். வித்தியாசமெல்லாம் விடியக்காலை ஸ்டார்ட்லதான்.

பானட்டைத் திறந்து ஆயில் மூடியைப் பாரு, பெரும்பாலான வண்டியில கிரேடு அது மேலேயே அச்சடிச்சிருக்கும். வண்டியோட குடுத்த புத்தகத்தையும் ஒருதடவை புரட்டு. 0டபிள்யூ-20-ன்னு போட்டிருந்தா அதேதான், இங்கிருந்து நானோ அங்க கடைக்காரனோ என்ன சொன்னாலும் மாத்தாதே. கிரில்லுக்கு முன்னால பிளக் ஒண்ணு தொங்குதுன்னு எழுதினியே, அது இன்ஜினைச் சூடாக்கற ஹீட்டரோடது. ராத்திரி அதைச் சொருகிட்டுப் படு. ஆயில் மாத்தறப்ப ஃபில்டரையும் புதுசாப் போடச் சொல்லு. சில இடத்துல பழசையே விட்டுட்டுப் பில் மட்டும் போட்ருவாங்க.

மூடியைப் போட்டோ எடுத்து அனுப்பு. மாம்பழ சீசனுக்காவது ஊருக்கு வருவியா?

உன்,
பட்டறைக்காரன்