ஐம்பது வருஷ வாடகை அட்டை இருக்கிறது, பத்திரம்தான் இல்லை

அனுப்புநர்:
பேவியூ, வெஸ்ட்கிளிஃப் அடுக்குவீடுகளில் குடியிருப்போர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மாண்புமிகு மனிதக் குடியிருப்புத் துறை அமைச்சர் அவர்கள்,
பிரிட்டோரியா.

பொருள்: அடுக்குவீடுகளைக் குடியிருப்போர் பெயருக்குப் பத்திரம் செய்து தரவும், வீட்டுக்கடன் மறுப்பு விவரங்களை வட்டாரவாரியாக வெளியிடவும் வேண்டுதல்.

வணக்கம்.

இந்த மனுவின் ஆங்கிலப் படியும் ஜூலு படியும் இத்துடன் இருக்கின்றன. தமிழில் எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். கையெழுத்து வாங்கப் போனபோது சில ஆயாமார், "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு, அப்புறம் போடுறேன்" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக எழுதியதுதான் இந்தத் தமிழ்ப் படி. நம் அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு மதிக்கச் சொல்லிப் பெயர் குறிப்பிடும் மொழிகளில் தமிழும் உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் அலமாரிக்கு மேல் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று வைத்திருக்கிறார். மூடியைத் திறந்தால் துருவாசனை வரும். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட வாடகை அட்டைகள். முதல் அட்டை 1967-இல் அவருடைய மாமனார் பெயரில் போட்டது. மாதத்துக்கு ஒரு முத்திரை. சிலது ஊதா, சிலது மங்கிப்போய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மாமனார் நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர். நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் வளர்ந்தவர். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி அங்கிருந்தவர்களைக் கிளப்பி 1960-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எந்த வீடு என்று அவரை யாரும் கேட்கவில்லை. கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டார்.

மாமனார் போய், மாமியார் போய், வீட்டுக்காரரும் போய்விட்டார். வீடு இன்னும் மாமனார் பெயரிலேயே வாடகைக்கு இருக்கிறது. 1994-க்கு முன் அரசு கட்டிய வீடுகளைக் குடியிருப்போருக்கே தள்ளுபடியில் எழுதிக்கொடுக்கும் திட்டம் உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். விண்ணப்பமும் போட்டிருக்கிறார். தனி வீடு என்றால் சுலபம், அடுக்குவீட்டுக்கு அப்படி முடியாதாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி முழுக் கட்டடத்தையும் அளந்து, வரைபடம் போட்டு, தனித்தனிப் பகுதிகளாகப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்திரம் பிறக்கும். சரி, அந்த அளவெடுப்பு எப்போது? கவுண்டரில் கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார்கள். எத்தனை மாடி மேலே என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பத்திரம் இல்லையென்றால் என்ன குறைந்துவிடப் போகிறது, கூரைதான் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பத்திரம் இருப்பவர் வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குகிறார். அந்தக் கடனுக்கு ரெப்போ விகிதத்துக்கு, அதாவது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டிக்கு, மேல் 12 சதவீதம் வரைதான் வட்டி போடலாம். வங்கிகள் அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டியே ரெப்போவுக்கு மேல் 3.5 சதவீதம்தான் என்பதால், நல்ல வாடிக்கையாளர் கட்டுவது அதைச் சுற்றியே இருக்கும். ஈடு இல்லாத கடனுக்கு உச்சவரம்பு ரெப்போவுக்கு மேல் 21. குறுகிய காலச் சின்னக் கடனென்றால் மாதத்துக்கே 5 சதவீதம். அதுவும் கிடைக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறார் மஷோனிசா என்கிற வட்டிக்காரர்: இன்றைக்கு நூறு ராண்ட் வாங்கினால் மாசக் கடைசியில் நூற்றைம்பது. அக்கா வீட்டுக்காரரின் சாவுச் செலவுக்கு அவரிடம்தான் போனார். ஈடாக வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார் அந்த ஆள். தேசியக் கடன் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இதைத் தடை செய்கிறது. ஆனால் சம்பளத் தேதியில் ஏடிஎம் வரிசையில் முதலில் நிற்பது சட்டமா, மஷோனிசாவா என்று ஒரு தடவை வந்து பாருங்கள்.

அக்காவின் மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாதம் 14,000 ராண்ட். அரசின் இலவச வீட்டுக்கு மாத வருமான வரம்பு 3,500. ஆக அவன் 'பணக்காரன்'. 3,501 முதல் 22,000 வரை சம்பாதிப்பவர்களுக்கு முதல் வீட்டு மானியம் இருக்கிறதே என்று வங்கியில் விண்ணப்பித்தான். குறுஞ்செய்தியில் ஒரு வரியில் மறுப்பு வந்தது. நேரில் போய்க் கேட்டால் "கம்ப்யூட்டர் ஏற்கவில்லை" என்றார்கள். கடன் சட்டத்தின் 62-ஆம் பிரிவின்படி, கேட்டால் மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் கொண்டுபோன பிறகும் அவனுக்கு இன்றுவரை ஒரு வரிகூட வரவில்லை. அவன் பெயர் கெட்டதா, சம்பளம் போதவில்லையா, இல்லை விலாசம்தான் காரணமா? எங்கள் சந்தேகம் விலாசத்தின் மேல். வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஏரியாவையே ஒதுக்கும் பழக்கம் உலகில் புதிதல்ல. அமெரிக்காவில் அதற்காகவே 1977-இல் சட்டம் கொண்டுவந்து, வைப்புத்தொகை வாங்குகிற ஏழைப் பகுதிகளிலும் கடன் தருகிறார்களா என்று வங்கிகளைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டிலும் அதேபோல ஒரு மசோதா 2002-இல் வந்தது, சட்டமாகாமலே நின்றுபோனது.

சந்தேகத்தைத் தீர்க்க வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 63-ஆம் எண் சட்டப்படி, எந்தப் பகுதியில் எத்தனை வீட்டுக்கடன் விண்ணப்பம் வந்தது, எத்தனையை மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்ற விவரத்தை வங்கிகள் கொடுக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்துக்கும் வசதியானவர்கள் வாழும் அம்லாங்காவுக்கும் உரிய எண்களை வார்டுவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சாதாரண ஆள் படிக்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். நாங்கள் தப்பென்றால் அதுவும் அதில் தெரிந்துவிடும்.

அடுக்குவீடுகளின் அளவைக்கும் பதிவுக்கும் கட்டடவாரியாக ஒரு தேதி வேண்டும். இறந்தவர் பெயரில் இருக்கும் வீடுகளுக்கு வாரிசுச் சான்றும் பத்திரமும் ஒரே இடத்தில், வழக்கறிஞர் செலவில்லாமல் முடிய ஏற்பாடு வேண்டும். முதல் வீட்டு மானியத்துக்கு ஸ்டோக்வெல் என்னும் சீட்டுக் குழுச் சேமிப்பையும் வழியாகச் சேர்த்ததாக அறிவித்தீர்கள். எங்கள் பெண்கள் வருஷக்கணக்காக ஒரு தவணையும் தவறாமல் சீட்டுக் கட்டுகிறவர்கள். அந்தக் கணக்கு நோட்டை எந்தக் கவுண்டரில் நீட்டுவது என்று தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்று. பதிவு முகாம் வைத்தால் சனிக்கிழமை வையுங்கள். வாரநாளில் வந்தால் எங்களில் பாதிப்பேருக்கு அன்றைய கூலி போய்விடும். பிஸ்கட் டப்பாவை அக்கா தானே எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். அட்டைகளைப் படியெடுக்க மட்டும்தான் தருவாராம், கையில் விடமாட்டாராம்.

இப்படிக்கு,
இணைப்புத் தாள்களில் கையொப்பமும் கைநாட்டும் இட்டவர்கள்.