ஊரே முதலாளியான ஒரு பப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. கூட்டுறவுச் சங்கச் செயலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறாயாமே! சரி, இனியாவது ராத்திரி நிம்மதியாகத் தூங்கு. உனக்கென்றே இங்கிலாந்திலிருந்து ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

வடக்கு யார்க்‌ஷயரில், ரிச்மண்ட் பக்கம் ஹட்ஸ்வெல் என்று ஒரு கிராமம். சமீபத்தில் போயிருந்தோம். அங்கே 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' என்று ஒரு பப் இருக்கிறது. டாஸ்மாக்கை மனதில் வைத்துப் படிக்காதே. இங்கெல்லாம் பப்புக்குக் குழந்தை குட்டியோடு சாப்பிட வருவார்கள். இந்த பப்பில் சின்ன நூலகமும் ஒரு மளிகைக் கடையும்கூட உண்டு. 2008இல் மூடிப்போனதை ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி 2010இல் திறந்தார்கள். 2016க்கான நாட்டின் சிறந்த பப் என்று கேம்ரா என்ற பீர் பிரியர்கள் அமைப்பு இதற்குப் பரிசும் கொடுத்தது.

இந்த நாட்டில் பப் நடத்துகிறவர் பெரும்பாலும் அதற்குச் சொந்தக்காரர் இல்லை. அது ஒரு பெரிய கதை. 1830இல் வந்த சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் யாரும் ஆண்டுக்கு இரண்டு கினி (ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்) கட்டிவிட்டுத் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 1869இல் அரசு பிடியை இறுக்கியதும் உரிமம் உள்ள கடைக்குக் கிராக்கி ஏறிவிட்டது. பீர் ஆலைகள் வாங்கிக் குவித்தன. நடத்துகிறவர் ஆலைக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், அதன் பீரை அது சொல்லும் விலைக்கு வாங்கவும் வேண்டும். இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் 1989இல் ஓர் உத்தரவு வந்தது: 2,000 பப்புக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, கூடுதலாக இருப்பதில் பாதியை விற்றுவிட வேண்டும், அல்லது தன் பீரையே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து விடுவிக்க வேண்டும். நிறைய விற்றார்கள், ஆனால் அதில் ஏராளமானவை பப்புகளைச் சொத்தாக வாங்கிப்போடும் கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. முதலாளி மாறினாரே தவிர, நடத்துகிறவரின் சுமை இறங்கவில்லை.

ஹட்ஸ்வெல்லில் கட்டடம் ஊர்க்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தம். நடத்துகிறவர் குத்தகைக்காரர்தான், ஆனால் எந்த ஆலையின் பீரையும் வாங்கலாம். எனக்கென்னவோ அவரை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. எதிரே உட்கார்ந்து குடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு முதலாளிகளாக இருப்பார்களே! உங்கள் பேரவைக் கூட்டத்தில் நாற்காலி பறந்த கதையை நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா?

இங்கே எல்லோரும் நலம். ஆடிட் முடிந்ததா? பொண்ணு மேல்படிப்பு என்ன ஆச்சு? எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்