சனிக்கிழமை டார்ட்மூர் பெட்டி தேடல்: முத்திரை தயாரா?

வணக்கம் மக்களே. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் மறைத்து வைத்திருக்கும் பெட்டிகளைத் தேடிப்பிடித்து முத்திரை பதிக்கும் விளையாட்டுக்குத்தான் போகிறோம். சனிக்கிழமை வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொந்த முத்திரையைச் செதுக்கி முடித்துவிடுங்கள். கடையில் வாங்கிய ரப்பர் ஸ்டாம்புக்குத் தடை இல்லை. ஆனால் அதில் என்ன சுவாரசியம்?

முதல்முறை செதுக்குபவர்களுக்கு: டிரேசிங் தாளில் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். தாளைக் கவிழ்த்து அழிரப்பர் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும். அச்சில் நேராக விழும். பெயர் செதுக்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வெட்டும்போது கத்தி முனை கோட்டை விட்டு வெளியே சாய்ந்திருக்கட்டும். கோட்டுக்கு அடியில் குடைந்தால் நாலு குத்தில் பிய்ந்துவிடும். வளைவு வந்தால் கத்தியை அல்ல, ரப்பரைத் திருப்புங்கள்.

பெட்டி கிடைத்தால் அதிலுள்ள முத்திரை நம் நோட்டில், நம் முத்திரை அதிலுள்ள நோட்டில். மை காய்ந்ததும் மூடியை இறுக்கி, எடுத்த இடத்திலேயே மறைத்து வையுங்கள்.

கிரான்மியர் குளத்துக்கே போகலாமா என்று சிலர் கேட்டீர்கள். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி பாட்டில் வைத்து, வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையைப் போட்டுப்போன இடம், இந்த விளையாட்டே அங்கிருந்துதான் தொடங்கியது, ஆசை நியாயம்தான். ஆனால் அது ராணுவச் சுடுதள எல்லைக்குள் இருக்கிறது. அன்றைய சுடும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே கால் வைக்க முடியாது. இப்போது அங்கே குளமும் இல்லை, கரிச்சேற்றுப் பள்ளம்தான்; பூட்ஸ் அவசியம்.

வருகிறவர்கள் இன்று இரவுக்குள் பெயர் போடுங்கள். என்னிடம் கறுப்பு மை மட்டுமே உண்டு, வேறு நிறம் வேண்டுவோர் எடுத்து வாருங்கள்.