உன் இடத்தில் யார்?

அன்புள்ள குட்டிம்மா,

கதாநாயகிக்குக் காய்ச்சல், மாலைக் காட்சியில் மாற்று நடிகை ஏறினாள், அவள் குரலுக்குத் தக்கபடி நீ கடைசி நேரத்தில் ஒலியைச் சரிசெய்தாய் என்று போனில் சொன்னாயே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் நீ எப்போதும் ஓட்டத்தில் இருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

டிவியில் நேரலையாக வரும் இசை நாடகங்களை நானும் அம்மாவும் விடுவதில்லை. 2013 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கைக் காட்டியபோது தொடங்கிய பழக்கம் இது. அன்று அமெரிக்காவில் 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பாடகியும் நடிகையுமான ஆட்ரா மெக்டொனால்ட் மடத்துத் தலைவியாக வந்து பாட ஆரம்பித்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு குரல்! ஆனால் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் அதை நடத்திய ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் கிடையாது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. பாடியவர்களை நினைத்து எனக்குக் கஷ்டமாக இருந்தது.

2016 ஜனவரி 31 அன்று ஃபாக்ஸ் சேனலில் வந்த ‘கிரீஸ்’ என்ற இசை நாடகம் அப்படி இல்லை. கலிபோர்னியாவில் பர்பேங்கிலுள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகத்தில், காட்சிகளுக்கு நடுவிலேயே கூட்டத்தை உட்கார வைத்திருந்தார்கள். அன்று பார்த்து அங்கே மழை. தொடக்கப் பாட்டுக்குக் குடைகளோடு ஆடினார்கள். நடிகர்கள் ஓர் அரங்கிலிருந்து இன்னொன்றுக்குச் சின்ன வண்டிகளில் ஓடினார்கள். நடுவே ஓர் இடத்தில் ஒலி சற்று நின்று திரும்பியது. அந்தச் சில நொடிகளில் உன்னைப் போல ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த யாரோ என்ன பாடு பட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். மேடை நாடகத்துக்கு தாமஸ் கெயில், கேமராக்களுக்கு அலெக்ஸ் ருட்ஜின்ஸ்கி என்று இரண்டு இயக்குநர்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்று புரிந்து செய்திருக்கிறார்கள்.

அதில் ரிஸ்ஸோ என்ற பெண்ணாக நடித்தவர் வனெசா ஹட்ஜன்ஸ். முந்தைய நாள் இரவு அவருடைய அப்பா புற்றுநோயால் இறந்துவிட்டார். அந்த நிகழ்ச்சியை அப்பாவுக்குச் சமர்ப்பிப்பதாகச் சொல்லிவிட்டு வந்து நடித்தார். ரிஸ்ஸோ தனியாக நின்று பாடும் அந்தப் பாட்டில் குரல் உடையவே இல்லை, அம்மாடி. நான்தான் உடைந்துபோனேன். எல்லோரும் அவருடைய துணிவைப் புகழ்ந்தார்கள். எனக்கும் அதே மரியாதை உண்டு. ஆனால் ஒரு பெண்ணின் தகப்பனாக எனக்கு இன்னொன்றும் தோன்றியது. பாடியது அவர் விருப்பம். ‘இன்று என்னால் முடியாது’ என்று அவர் சொல்லியிருந்தாலும் நிகழ்ச்சி நடக்கும்படி இருக்கவேண்டும். அப்போதுதான் அது முழுக்க அவர் விருப்பம்.

இது வெறும் பேச்சில்லை. 2019 ஜனவரியில் அதே ஃபாக்ஸ் சேனலில் ‘ரென்ட்’ என்ற இசை நாடகம் வந்தது. முந்தைய நாள் ஒத்திகையில், ரோஜர் என்ற முக்கியப் பாத்திரத்தில் நடித்த பிரென்னின் ஹன்ட்டின் கால் எலும்பு முறிந்தது. அவருக்குப் பதில் ஏற ஆள் இல்லை. அதனால் ஒத்திகையில் எடுத்த பதிவையே பெரும்பாலும் ஒளிபரப்பிவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் நேரலையாகக் கொடுத்தார்கள். நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் வாரம் எட்டுக் காட்சி போடுகிறவர்கள் இப்படி விடுவார்களா? பாட்டு, வசனம், அசைவு எல்லாம் கற்றுக்கொண்டு, கூப்பிட்டால் ஏறத் தயாராக ஒருவர் இருப்பார். லட்சக்கணக்கான மக்கள் ஒரே ஓர் இரவு பார்க்கும் நிகழ்ச்சிக்கு அது இன்னும் அதிகமாக வேண்டாமா? செலவுதான், தெரியும். ஆனாலும் ‘நேரலை’ என்று அறிவித்த பிறகு அதைக் காப்பாற்றச் செலவழிக்கத்தான் வேண்டும்.

உங்கள் குழு சிறியது. ஆனால் அந்த மாற்று நடிகையை வாரக்கணக்கில் தயார்செய்து வைத்திருந்தீர்கள். கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் எப்படிப் பாடினாள் என்று நீ சொல்லவே இல்லை. எழுது.

அப்புறம் ஒன்று. மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் மாற்று உண்டு, சரி. ஒலிப்பலகையில் நீ உட்காரும் இடத்துக்கு யார்? போன குளிர்காலத்தில் 102 டிகிரி காய்ச்சலோடு நீ வேலைக்குப் போனதை அம்மா இன்னும் மறக்கவில்லை. இந்த மாதமே உங்கள் மேலாளரிடம் பேசி ஒருவருக்குப் பழக்கிவிடு.

அன்புடன்,
அப்பா