குவியல் மேசையை எடுத்துவிடாதீர்கள்: நாணயக் கண்காட்சி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த கண்காட்சிக்கான உங்கள் அறிவிப்பு வந்து சேர்ந்தது. குளிர்சாதன மண்டபம், கார் நிறுத்த இடம், மதியச் சாப்பாட்டுக்கு டோக்கன். எல்லாம் மகிழ்ச்சி. கடைசி வரிக்கு முந்தைய வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. தரம் பிரிக்காத உதிரிக் காசுகளைக் குவித்து விற்பவர்களுக்கு இனி மேசை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மடல் அந்த ஒரு வரிக்காக.

32 ஆண்டுகளாகக் காசு சேர்க்கிறேன். "இன்னுமா இது அலுக்கவில்லை?" என்று வீட்டில் கேட்பது வழக்கம். போன முறை உங்கள் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் அதையே மரியாதையாகக் கேட்டார். "ஐயா, உங்களைப் போன்ற பெரியவர்கள் வருகிறீர்கள், ஒரு சுற்று வருகிறீர்கள், டீ குடிக்கிறீர்கள், கிளம்பிவிடுகிறீர்கள். எதுவும் வாங்குவதில்லையே?" அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு அசட்டுச் சிரிப்புதான் வந்தது. பதிலை இப்போது எழுதுகிறேன்.

முதன்முதலாகக் கண்காட்சிக்குப் போனபோது முந்தின இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பத்து மணிக்குத் திறக்கும் மண்டபத்தின் வாசலில் எட்டு மணிக்கே நின்றேன். பார்த்ததெல்லாம் புதிது. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த ஓட்டைக் காலணாவுக்கே உள்ளங்கை வியர்த்தது. 1943 முதல் 1947 வரை ஐந்து ஆண்டுக் காசுகளையும் ஒரே நாளில் தேடிப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பரபரப்பு அப்படியே இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆல்பம் நிரம்ப நிரம்ப, வாங்க வேண்டியவை குறைந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சுபவை நம் சம்பளத்துக்கு எட்டாதவை. எடுத்துக்காட்டாக, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். அசல் அபூர்வம் என்பதால் போலி ஏராளம். நல்ல ரூபாய் என்றால் எடை 11.66 கிராம் இருக்க வேண்டும், சுண்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும், விளிம்பில் வார்ப்புத் தழும்பு இருக்கக் கூடாது. இத்தனையும் தேறிய ஒன்றை வாழ்நாளில் இரண்டு முறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு வழி?

அதனால் நான் வாங்கவில்லை என்பதை வைத்து என் ஆர்வம் தீர்ந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். ஒருநாள் முழுக்க மண்டபத்தில் என்னை உட்கார வைக்கக்கூடிய மேசைகள்தான் குறைந்துவிட்டன.

சென்ற கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். நுழைந்ததும் முதல் மேசையில் 1911ஆம் ஆண்டு ரூபாய். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் மாலையில் இருக்கும் யானை பன்றிபோலத் தெரிந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, மறு ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள் என்ற கதை. நல்ல கதைதான். அடுத்த மேசையிலும் அதே ரூபாய், அதே கதை. நான்காவது மேசையில் வியாபாரி வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிட்டேன். அதற்கப்பால் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியிட்ட 1000 ரூபாய் நாணயம், உறை பிரிக்காமல். அதற்கப்பால் 786 என்று முடியும் நோட்டுகள். பிறகு வரிசையாக, மதிப்பெண் போட்டுச் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிகள். 70க்கு 64, 70க்கு 66. எடை போட முடியாது, விளிம்பைத் தடவ முடியாது, சுண்டிப் பார்க்கவும் முடியாது. காசுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இவற்றையெல்லாம் முந்தின வாரமே வாட்ஸ்அப் ஏலத்தில் படமாகப் பார்த்துவிட்டேன். எஞ்சிய நல்ல சரக்கு, மண்டபம் திறப்பதற்கு முந்தின மாலையே வியாபாரிகளுக்குள் கைமாறிவிடுகிறது. இதில் சுற்றி வந்து டீ குடிப்பதைத் தவிர நான் என்ன செய்ய?

வாசலில் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைஷ்ணவ தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய்க் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பல லட்சம் கிடைக்குமாம் என்று வருகிறார்களே, அவர்களுக்கு விவரம் சொல்ல உங்கள் மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை. பழைய காசு, நோட்டு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லி மோசடி நடக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டிலேயே எச்சரித்துவிட்டது. அந்த அறிவிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டினால் பாதிப் பேர் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். இது வேறு விஷயம். குவியலுக்கு வருகிறேன்.

போன முறை கைகழுவும் இடத்துக்குப் போகும் வழியில், மூன்றாம் வரிசையின் கோடியில், கும்பகோணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு நினைவிருக்கும், மேசை விரிப்புக்குப் பதில் சாக்கு விரித்தார் என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். பாத்திரக் கடைகளில் எடைக்கு விழும் பழஞ்செம்பிலிருந்து காசுகளை மட்டும் பொறுக்கி வாங்குவது அவர் தொழில். அவர் எடுக்காவிட்டால் அவை மறுநாள் உலையில் உருகிக் குடமாகவோ விளக்காகவோ ஆகிவிடும். சாக்கின் மேல் மூன்று நான்கு படி இருக்கும், மண்ணும் களிம்புமாக. எதை எடுத்தாலும் 20 ரூபாய்.

"எடுத்துப் பாருங்கள் தம்பி, பார்ப்பதற்குக் காசா பணமா?" என்றார். எனக்கு வயது 58. என்னைத் தம்பி என்று கூப்பிட இப்போது அதிகம் பேர் இல்லை. உட்கார்ந்துவிட்டேன்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. வழுவழுவென்று தேய்ந்த நாயக்கர் காசுகள், எழுத்துப் போன கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகள், நடுநடுவே ஒரு வாஷர், ஒரு சட்டைப் பொத்தான். விரல் நுனி பச்சையாகிவிட்டது. பிறகு சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வட்டம் அகப்பட்டது. ஒரு பக்கம் முழுக்க மண். இன்னொரு பக்கத்தில் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. விரலை ஈரமாக்கி அதன் மேல் தடவி, குழல்விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தேன். ஈரம் இருக்கும் அந்த நாலைந்து நொடிதான் உருவம் துலங்கும், காய்ந்தால் மறைந்துவிடும். முதலில் ஒரு கிரீடம். கிரீடத்துக்குக் கீழே வளைவாக ரோமன் எழுத்து 'சி'. அந்த வளைவுக்குள் ஓர் ஏழு.

ஏழாம் கிறிஸ்டியன். 1766 முதல் 1808 வரை டென்மார்க்கை ஆண்டவன். 1620இல் வந்து இறங்கி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை தரங்கம்பாடியில் டேனியர்கள் அடித்துப் புழங்கவிட்ட காசு.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வகைக் காசு என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தது, இதைவிடத் தெளிவாக. அப்படியும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கோபன்ஹேகனில் இருந்த ஒரு ராஜாவின் பெயர் மயிலாடுதுறைப் பக்கத்து மண்ணுக்குள்ளிருந்து என் எச்சில் விரலுக்கு எழும்பி வந்தால் அடித்துக்கொள்ளாதா? கண்காட்சி அலுத்துவிட்டதா என்று கேட்ட தம்பி அந்த நொடியில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

பக்கத்தில் இருந்தது வேறொருவன். பத்து வயதுப் பையன், அப்பா நோட்டுக் கட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்ததால் அலுத்துப்போய் வந்து நின்றான். நான் ஒதுக்கி வைத்த ஒரு காசைக் காட்டி, "தாத்தா, இதில் ஒரு குச்சி மனிதன் இருக்கிறான்" என்றான். இராசராசன் காசு. எல்லாருக்கும் முதலில் குச்சி மனிதனாகத்தான் தெரியும். நிற்கும் உருவத்தின் கால் எது, வேட்டி எது என்று காட்டினேன். திருப்பினால் அதே ஆள் உட்கார்ந்திருப்பான், அவன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் பெயர் இருக்கும் என்றேன். இலங்கையிலும் இதே சாயலில் காசு அடித்தார்கள், சோழர் கல்வெட்டில் ஈழக்காசு என்று ஒன்று வருகிறது என்றும் சொன்னேன். அவன் அதையெல்லாம் கேட்கவில்லை. "இது நிஜமாகவே ராஜா காலத்தில் கடையில் கொடுத்ததா?" என்று மட்டும் மூன்று முறை கேட்டான். பிறகு அப்பாவிடம் போய் 20 ரூபாய் வாங்கி வந்தான். பிளாஸ்டிக் பெட்டி மேசையில் அவனைத் தொட விட்டிருப்பார்களா?

அதே குவியலில் கம்பெனியின் 'பத்துக் காசு' மதிப்புள்ள நாணயம் ஒன்றும் கிடைத்தது. இதே காசு உங்கள் முதல் வரிசை மேசையில், சான்றிதழோடு, பளபளவென்று இருந்தது. 1808இல் சென்னைக்காக பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் அடித்து, 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில் ஏற்றி, 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போன சரக்கு அது. கடலுக்கடியிலிருந்து எடுத்ததால் தேயவில்லை. நம்முடைய 'காசு' என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் பொறித்த அந்த நாணயம், நம் ஊர்க் கை ஒன்றில்கூடப் படாமல் கடலுக்குள் போய்விட்டது. குவியலில் கிடைத்தது வேறு கப்பலில் வந்தது. சிங்கம் பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதியைக் கீரை விற்றவளும் உப்பு விற்றவனும் தேய்த்துவிட்டார்கள். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் பாதிச் சிங்கத்தைத்தான் எடுப்பேன். கடல் காசை விரும்புகிறவர் வாங்கட்டும். அவருக்கு முதல் வரிசை, எங்களுக்குக் கடைசி வரிசை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள் பக்கக் காரணங்களும் தெரியும். போலி கலக்கிறது என்கிறீர்கள். கலக்கிறதுதான். சங்ககாலக் காசென்று அச்சில் வார்த்துக் களிம்பு ஏற்றிய சரக்கு சில ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. ஆனால் 20 ரூபாய்க்குப் போலி செய்பவன் பிழைக்க முடியாது. போலி, பட்டுத்துணி விரித்த மேசையைத்தான் தேடிப் போகும். ஒரு தராசும் விவரம் தெரிந்த ஒருவரும் மண்டபத்தில் இருந்தால் இரண்டு இடத்துக்கும் உதவும். நான் உட்காரத் தயார், சாப்பாட்டு டோக்கன் போதும்.

சட்டச் சிக்கல் வரும் என்பது இதைவிடக் கனமான காரணம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. மண்ணில் கிடைத்த புதையலென்றால் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டங்கள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் பழங்காசுக்கும் பொருந்தும். குவியல்காரரை மட்டும் வெளியே அனுப்பினால் சட்டத்தைக் காப்பாற்றியதாகாது. அவருக்கு உரிமம் எடுக்க விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எந்த ஊர்ச் சரக்கு, யாரிடம் வாங்கியது என்று ஒவ்வொரு குவியலிலும் ஒரு சீட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டுக்காகவே இரண்டு மணி நேரப் பஸ் பயணம் செய்து வருவேன். ஊர் தெரியாத காசு முகவரி கிழிந்த கடிதம்போல.

கரூரை நினைத்துப் பாருங்கள். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் வியாபாரிகள் கைக்கு வந்து, அங்கிருந்து விவரம் தெரிந்தவர்கள் பார்வைக்குப் போனதால்தானே மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற சேரர் பெயர்களைக் காசின் மேலேயே படிக்க முடிந்தது? ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மீன் சின்னம் கொண்ட சதுரச் செம்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழ்-பிராமி எழுத்தை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளியிட்ட பிறகுதான், சங்கப் பாண்டியர் தம் பெயரிலேயே காசு அடித்தார்கள் என்பதற்குக் கைமேல் சான்று கிடைத்தது. அந்தக் காசுக்கு யாரும் 70க்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைத்திருக்கவில்லை. பார்க்கத் தெரிந்த ஒரு கண்ணில் பட்டது. பட வழி இருந்தது.

இடம் அழுக்காகிறது என்ற மூன்றாவது காரணத்துக்குப் பதில் எழுத விருப்பமில்லை. ஒரு பழைய செய்தித்தாளும் வாளித் தண்ணீரும் போதும்.

வாடகை பிரச்சினையென்றால் எங்களைக் கேளுங்கள். வாங்காமல் சுற்றுகிற பழைய ஆட்கள் பதினைந்து பேராவது தேறுவோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு மேசைக்கான கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம். மூன்றாம் வரிசையின் கோடியே போதும். மேலே இருக்கும் குழல்விளக்கு மட்டும் போன முறை மினுக்கிக்கொண்டிருந்தது, மாற்றிவிடுங்கள். லென்ஸ் நான் கொண்டுவருகிறேன்.

கும்பகோணத்துப் பெரியவரிடம் வாட்ஸ்அப் கிடையாது. மேசை கிடையாது என்ற அறிவிப்பு அவருக்குப் போயிருக்காது. வழக்கம்போல முதல் பஸ் பிடித்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் முடிவு எதுவானாலும் முன்கூட்டியே ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.

இப்படிக்கு,
வாங்காமல் டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களில் ஒருவன்